பத்திரிகை என்றால் என்ன, அதன் அட்டை ஆளை நிறுத்துவது எப்படி?

நீங்கள் கேட்டிருப்பது இவ்வளவுதான்: "பத்திரிகை என்பதற்குச் சரியான விளக்கம் என்ன? அதன் அட்டை வாசகரை எப்படி இழுக்கிறது? எங்கள் ஊர் வாசகசாலை சார்பில் ஒரு காலாண்டிதழ் தொடங்குகிறோம், முதல் இதழ் தேனீ வளர்ப்பு பற்றியது, அட்டையில் என்ன போடுவது என்று எங்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை." முதல் கேள்விக்கு அகராதியைப் புரட்டினாலே பதில் கிடைத்துவிடும். நீங்கள் உண்மையில் கேட்க வந்தது அந்தக் கடைசி வரியில் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. நம்மை முன்பின் தெரியாத ஒருவர், கையில் பையோடு பஸ்ஸுக்கு நிற்கிறவர், நம் இதழை எதற்காகக் கையில் எடுக்க வேண்டும்? அதை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் என் பேச்சை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று உங்களுக்குத் தெரியும். கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டத்தில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அப்பா வைத்திருந்த பத்திரிகைக் கடையில் 1991 முதல் 2020 வரை நின்றவன். தமிழும் மலையாளமும் சேர்ந்து தொங்கும் கடை அது. இடையில் கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கிற டிடிபி வேலையைக் கற்றுக்கொண்டு, சபை மாத இதழ், பள்ளி ஆண்டு மலர், கோயில் திருவிழா மலர் என்று லேஅவுட்டும் அட்டையும் செய்துகொடுத்து வருகிறேன், இப்போதும் அதுதான் தொழில். சென்னையில் பெரிய பத்திரிகை அலுவலகம் எதிலும் நான் வேலை பார்த்ததில்லை. அங்கே அட்டையை எப்படித் தீர்மானிக்கிறார்கள் என்பதைப் பற்றி நான் வாயைத் திறக்கப்போவதில்லை. விற்கிற இடத்தில் ஆட்களின் கண்ணும் கையும் என்ன செய்கின்றன, அச்சகத்தில் அட்டைக்கு என்ன ஆகிறது, இந்த இரண்டும்தான் எனக்குத் தெரிந்தவை.

விளக்கத்தைச் சீக்கிரம் முடித்துவிடுவோம். எங்கள் கடைக்கு வருகிறவர்கள் யாரும் பத்திரிகை என்று கேட்க மாட்டார்கள், எல்லாமே "புக்கு"தான். வாரப் புக்கு, மாசப் புக்கு, மலையாளப் புக்கு. பத்திரிகை என்றால் இங்கே நாளிதழ், இல்லையென்றால் கல்யாணத்துக்கு அழைக்க வைக்கிற பத்திரிகை. ஆங்கிலத்தில் மேகசின் என்று சொல்கிறார்களே, அது கிட்டங்கி என்று பொருள்படும் மக்ஸன் என்ற அரபிச் சொல்லிலிருந்து வந்தது. 1731இல் லண்டனில் எட்வர்ட் கேவ் என்பவர் தான் தொடங்கிய இதழுக்கு அந்தப் பெயரை வைத்தார், அதற்குப் பிறகுதான் அந்தச் சொல் இதழ்களுக்கு ஒட்டிக்கொண்டது. பொருத்தமான பெயர்தான். பல பேர் கொண்டுவந்து போட்ட பலவகைச் சரக்கு ஒரே கூரைக்குக் கீழ் இருக்கிறது. ஆனால் நம் தமிழ் வழக்கு அதைவிட அழகானது என்பேன். ஓர் ஆண்டுத் தொகுதிக்கு மலர் என்று பெயர், அதில் ஒவ்வொரு தடவையும் வருவது இதழ். மலர் 1, இதழ் 1 என்று அட்டையின் ஓரத்தில் சின்னதாகப் போட்டிருப்பார்கள். புத்தகம் ஒரு தடவை முடிந்து போகிறது, பத்திரிகை முடிவதில்லை, அடுத்த இதழ் என்று ஒன்று எப்போதும் பாக்கி இருக்கிறது. ஒரே பெயரில், எண் போட்டு, சொன்ன நாளில் திரும்பத் திரும்ப, பலர் கை சேர்ந்து வருவது பத்திரிகை. இதில் "சொன்ன நாளில்" என்பதைத் தயவுசெய்து அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். கடையில் பின்பக்கப் பார்கோடைப் பார்த்தாலே இந்த வித்தியாசம் தெரியும். புத்தகத்தின் எண் 978 என்றோ 979 என்றோ தொடங்கும், தொடர் இதழ்களுக்குக் கொடுக்கிற அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என் வாங்கிய இதழ் என்றால் 977.

இதிலிருந்துதான் அட்டையின் வேலையே வருகிறது. திரும்பத் திரும்ப வருகிற பொருள் என்பதால் அதன் அட்டை ஒரே நேரத்தில் இரண்டு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது: "நான் உங்களுக்குப் பழக்கமான அதே ஆள்தான்", "ஆனால் போன தடவை பார்த்தது இல்லை இது." பழைய வாசகருக்கு முதலாவது வேண்டும், புது ஆளுக்கு இரண்டாவது. முதலாவது மட்டும் இருந்தால் "இதை வாங்கியாச்சே" என்று போய்விடுவார்கள், இது கடையில் நிறையத் தடவை நான் கண்ணால் கண்டது. மாத இதழ் ஒன்று இரண்டு மாதம் தொடர்ந்து ஒரே மாதிரி நீல அட்டையில் வந்தது, புது இதழ் வந்து பத்து நாளாகியும் வழக்கமாக வாங்குகிற ஆட்களே "இன்னும் வரலியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள், கண் முன்னால் அது தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டாவது மட்டும் இருந்தால், ஒவ்வொரு தடவையும் புதிதாக அறிமுகம் செய்துகொள்கிற ஆளைப் போல, யாருக்கும் மனதில் தங்காது.

"அதே ஆள்" என்று சொல்வது பெயர் எழுத்து. அச்சகத்தில் தலைப்பு என்றோ லோகோ என்றோ சொல்வார்கள். ஆனந்த விகடன் 1926இல் வந்தது, அதன் குடுமித் தாத்தா முகத்தைப் பார்த்துவிட்டால் போதும், பெயரைப் படிக்கவே வேண்டாம். கடைக்கு உண்ணாமலைக்கடையிலிருந்து ஒரு பாட்டி வருவார், எழுத்துக் கூட்டக்கூடத் தெரியாது, பேத்திக்காக வாங்குவார். "மக்களே, அந்தத் தாத்தா படம் போட்ட புக்கு வந்தாச்சா?" என்பார். மற்ற பதினைந்து இதழ் மேலே கிடந்தாலும் கை நேராக அதில் போய் நிற்கும். உலகத்தில் மற்ற இடத்திலும் இதே கதைதான். டைம் இதழின் சிவப்புச் சட்டம் 1927இலிருந்து வருகிறது, நேஷனல் ஜியாகிரஃபிக்கின் மஞ்சள் ஓரம் 1910இலிருந்து. உள்ளே எந்தப் படம் வந்தாலும் அந்த ஓரம் அநேகமாக மாறுவதில்லை, பத்தடி தூரத்திலிருந்தே ஆள் அடையாளம் தெரிந்துவிடும். அதனால் உங்கள் முதல் வேலை படம் தேடுவது இல்லை. பெயருக்கு ஒரு எழுத்து வடிவத்தை நல்ல ஓவியர் ஒருவரிடம் கையால் எழுதி வாங்குங்கள், வாங்கியபிறகு பத்து வருஷத்துக்கு அதைத் தொடாதீர்கள். கம்ப்யூட்டரில் கிடக்கிற எழுத்துருவைப் போட்டால் அதே எழுத்துருவில் பக்கத்துக் கடை பேனரும் கல்யாண பிளெக்ஸும் இருக்கும்.

இப்போது கடை முன்னால் வந்து நில்லுங்கள். நீங்கள் கம்ப்யூட்டர் திரையில் பார்க்கிற அட்டை கடையில் கிடையாது. நம் ஊர்க் கடைகளில் கயிறு கட்டி, கிளிப் போட்டு, ஒன்றின் மேல் ஒன்றாகப் படி மாதிரி தொங்கவிடுவோம். மேல் வரிசையில் தொங்குவதற்கு முழு அட்டையும் தெரியும், அந்த இடம் நன்றாக ஓடுகிற நாலைந்து இதழுக்குத்தான். மற்றதெல்லாம் மேல்பக்கம் நாலு விரல் அகலம் மட்டும் தெரியும். பலகையில் பக்கவாட்டில் அடுக்கினால் இடது ஓரம் மட்டும். எனவே பெயரும், இந்தத் தடவை என்ன என்று சொல்கிற ஒரு வரியும் அந்த நாலு விரலுக்குள் வந்துவிட வேண்டும். அடியில் எவ்வளவு அருமையான வரி போட்டாலும் அது கிளிப்பில் மாட்டியிருக்கிற அடுத்த இதழுக்குப் பின்னால் கிடக்கும். அப்புறம் மழை. நமக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை, இரண்டு பருவமும் நம் மாவட்டத்துக்கு உண்டு. வருஷத்தில் பாதி நாள் கடை முன்னால் பிளாஸ்டிக் தாள் இறக்கிவிட்டிருப்போம். அந்தத் தாளுக்குப் பின்னால், மேகமூட்ட வெளிச்சத்தில், கரும்பச்சை, கருநீலம், கறுப்புப் பின்னணி எல்லாம் ஒரே இருட்டாகிவிடும். வெள்ளையோ மஞ்சளோ பின்னணியாக இருந்து நடுவில் ஒரே ஒரு உருவம் இருக்கிற அட்டைதான் அந்த நேரத்தில் தெரியும். திரையில் பளபளவென்று இருந்த படம் ஏன் கடையில் செத்துக் கிடக்கிறது என்று என்னிடம் கேட்டவர்களுக்கெல்லாம் இதைத்தான் காட்டியிருக்கிறேன்.

புதுசு என்று சொல்வது படம். இதில் உறுதியாகச் சொல்லக்கூடிய ஒன்று உண்டு: மனிதக் கண் முகத்தைத் தேடும். பிறந்து சில மணி நேரமே ஆன குழந்தைகூட முகம் போன்ற வடிவத்தின் பக்கம் கூடுதலாகத் திரும்புகிறது என்று ஆராய்ந்து பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள், இதில் பெரிய சந்தேகம் இல்லை. அந்த முகம் நேராகப் பார்த்தால் நாம் நிற்போம், பக்கவாட்டில் எங்கேயாவது பார்த்தால் நம் பார்வையும் அந்தப் பக்கம் போகும். 1985 ஜூன் மாத நேஷனல் ஜியாகிரஃபிக் அட்டையில் ஸ்டீவ் மெக்கரி எடுத்த ஆப்கான் சிறுமியின் படம் வந்தது, அந்தக் கண்ணைத் தாண்டி யாராலும் சும்மா நடந்து போக முடியாது. பக்கவாட்டுப் பார்வையையும் நன்றாகப் பயன்படுத்தலாம். படத்தில் இருப்பவர் எந்தப் பக்கம் பார்க்கிறாரோ அந்தப் பக்கத்தில் உங்கள் முக்கிய வரியை வையுங்கள். வெளியே பார்க்கிற முகத்தை அட்டையின் ஓரத்தில் வைத்துவிட்டால் வாசகரின் கண் பக்கத்துப் பத்திரிகைக்குப் போய்விடும். இந்தத் தப்பைப் பள்ளி மலர்களில் நிறையப் பார்க்கிறேன்.

ஆனால் முகம்தான் ஒரே வழி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். விகடன் பல காலம் அட்டையிலேயே ஜோக் போட்டு வந்தது, மாலி, கோபுலு போன்றவர்கள் வரைந்த அந்தப் படத்தைப் பார்த்து ஆட்கள் கடையிலேயே சிரித்துவிட்டு அப்புறம் காசை எடுப்பார்கள் என்று அப்பா சொல்லுவார். அட்டையில் வரைந்த பெண் முகம் என்றால் ஓவியர் மாருதி. மாத நாவல் கேட்டு வருகிற பெண்களில் பாதிப் பேர் எழுதியவர் பெயரைப் பார்க்கும் முன் அந்தக் கண்களைத்தான் பார்ப்பார்கள். 1947இல் தொடங்கிய அம்புலிமாமா அட்டையில் ஒரு கதையே நடந்துகொண்டிருக்கும், அரசன் ஒருவன், குதிரை ஒன்று, தூரத்தில் ஒரு கோட்டை, பிள்ளைகள் அப்பா கையை இழுத்துக்கொண்டு நின்று பார்க்கும். ரீடர்ஸ் டைஜஸ்ட் பல பத்தாண்டுகள், 1998 வரைக்கும், பொருளடக்கத்தையே முன் அட்டையில் அச்சடித்தது. அதை வாங்குகிறவர்களுக்கு அந்தப் பட்டியல்தான் கவர்ச்சி. நியூயார்க்கர் அட்டையில் ஓவியம் மட்டும்தான், உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வரிகூடப் போட மாட்டார்கள். டைம் இதழ் 1966 ஏப்ரலில் படமே இல்லாமல், கறுப்பு அட்டையில் சிவப்பு எழுத்தில், கடவுள் இறந்துவிட்டாரா என்று கேள்வியை மட்டும் போட்டது. அந்தக் கேள்வியே போதுமான அளவுக்குக் கனமாக இருந்தது. இவர்கள் எல்லாரும் வேறு வேறு வழியில் போனாலும் ஒவ்வொரு அட்டையும் தன் வாசகர் யார் என்று தெரிந்து செய்தது. எங்கள் கடையில் இதை ஒரே பார்வையில் பார்க்கலாம். இந்தப் பக்கம் தமிழ் வார இதழில் சினிமா முகம், அந்தப் பக்கம் மலையாளப் பெண்கள் இதழான வனிதாவில் வேறு மாதிரி முகம், இரண்டையும் வாங்குவது களியக்காவிளை பஸ்ஸுக்கு நிற்கிற ஒரே ஆசிரியை. தமிழ் புக்கை நின்றபடி புரட்டுவார், வனிதாவைப் புரட்டாமல் பையில் வைப்பார். அதற்கு அட்டை தேவையே இல்லை, அந்தப் பெயரை நம்பி வாங்குகிறார்.

அட்டை வரிகளைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. தமிழ்நாட்டில் அட்டைக்கு வெளியே இன்னொரு அட்டை உண்டு, கடையில் தொங்கவிடுகிற போஸ்டர். வாரம் இருமுறை வருகிற அரசியல் இதழ்கள் வந்தபிறகு இந்த வழக்கம் கொடிகட்டிப் பறந்தது, ஜூனியர் விகடன் 1983இல், நக்கீரன் 1988இல். கட்டோடு சேர்த்துப் போஸ்டரும் வரும், விடியற்காலை முதல் வேலை பழைய போஸ்டரைக் கிழித்துப் புதுசைத் தொங்கவிடுவது. டீ குடிக்க வந்தவர்கள் கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டே அதைப் படித்து அரசியல் பேசுவார்கள், அதில் நாலில் ஒருவர் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வாங்குவார். வரி எப்படி இருந்தால் இழுக்கிறது? கேட்பவருக்குப் பாதி தெரிந்து பாதி தெரியாமல் இருக்க வேண்டும். "தேனீ வளர்ப்பு சிறப்பிதழ்" என்றால் முழுக்கத் தெரிந்துவிட்டது, உள்ளே போக ஒன்றும் இல்லை. "ஒரு மர்மம்!" என்றால் எதுவுமே தெரியவில்லை, அதனால் ஆர்வமும் வராது. "ரப்பர் மரம் தளிர்க்கிற மாசத்தில் தேன் எடுத்துவிட்டால் மீதி மாசம் தேனீக்கு என்ன சாப்பாடு?" என்று கேட்டால் ரப்பர் வைத்திருப்பவர், தேன் பெட்டி வைத்திருப்பவர், இரண்டும் இல்லாதவர் மூன்று பேருமே ஒரு நிமிஷம் நிற்பார்கள்.

ஆனால் கேட்ட கேள்விக்கு உள்ளே பதில் இருக்க வேண்டும். இதில் நான் கொஞ்சம் கோபத்தோடுதான் பேசுவேன். ஒரு இதழ், பெயர் வேண்டாம், போஸ்டரில் பெரிய எழுத்தில் ஒரு தலைவரைப் பற்றி ஒரு வரி போடும், உள்ளே அதைப் பற்றி இரண்டு பத்தி, அதுவும் "என்று கூறப்படுகிறது" என்று முடியும். வாங்கிப் போன ஆள் மறுநாள் வந்து என்னைத்தான் கேட்பார், "என்னண்ணே, உள்ள ஒண்ணுமே இல்லியே" என்று. மூன்று தடவை ஏமாந்தவர் நாலாவது தடவை போஸ்டரையே பார்ப்பதில்லை. அந்த இதழின் கட்டு 60 பிரதியிலிருந்து 25 ஆனதற்கு நான் சாட்சி. அட்டை ஒரு வாக்கு, கொடுத்தால் காப்பாற்ற வேண்டும், ஏனென்றால் இவர்கள் அடுத்த வாரமும் அதே பஸ் நிலையத்தில்தான் நிற்கப்போகிறார்கள்.

சரி, இனி சந்தேகத்துக்குரியவை. தொழிலில் இருக்கிறவர்கள் வேதவாக்கு மாதிரி சொல்கிற சில விஷயங்கள் இருக்கின்றன, அவற்றை உறுதி என்று நான் சொல்ல மாட்டேன். பச்சை அட்டை விற்காது என்று ஒரு நம்பிக்கை, வெளிநாட்டு இதழ்க்காரர்களிடமும் இது உண்டு. சிவப்பு கட்டாயம் விற்கும் என்பார்கள். நான் பார்த்தவரை நிறத்தைவிடப் பக்கத்தில் என்ன தொங்குகிறது என்பதுதான் பெரிது. பத்து சிவப்புக்கு நடுவில் ஒரு வெளிர்பச்சை தனியாகத் தெரியும். நடிகை முகம் போட்டால் போதும் என்பதும் அப்படித்தான். 2008இலிருந்து நாலு வருஷம், விற்காமல் திருப்பி அனுப்புகிற பிரதிகளைக் குறிக்கிற ரிட்டர்ன் நோட்டில் ஒவ்வொரு இதழின் பக்கத்திலும் அட்டையில் என்ன இருந்தது என்று ஒரு வார்த்தை எழுதி வைத்தேன். ஒரு விதி கிடைக்கும் என்று ஆசைப்பட்டேன், கிடைக்கவில்லை. அதே நடிகை ஒரு வாரம் எல்லாப் பிரதியும் போயிற்று, இன்னொரு வாரம் பாதி திரும்பியது. நோட்டில் தெளிவாகத் தெரிந்தது வேறு: மாசத்தின் முதல் வாரம் சம்பளக் கையோடு வருகிறார்கள், எல்லாமே கூடுதலாகப் போகிறது, பள்ளி திறக்கிற ஜூனில் எல்லாமே குறைகிறது, அடைமழை வாரத்தில் ஆளே இல்லை. அப்புறம் நாட்டில் பெரிதாக ஏதாவது நடந்துவிட்டால் அட்டை எப்படி இருந்தாலும் விற்கும். 2016 டிசம்பரில் ஜெயலலிதா இறந்த வாரம் வந்த இதழ்கள் கட்டைப் பிரித்து அடுக்குவதற்குள் தீர்ந்தன, அன்று வெறும் வெள்ளைத் தாளில் பெயரைப் போட்டிருந்தாலும் போயிருக்கும். அதனால் "இந்த அட்டையால்தான் இவ்வளவு விற்றது" என்று யாராவது உங்களிடம் சொன்னால் அந்த வாரம் வேறு என்ன நடந்தது என்று கேளுங்கள். அட்டை ஆளை நிறுத்துகிறது, அது நிச்சயம். நின்ற ஆள் வாங்குவதற்கு அட்டை எவ்வளவு காரணம் என்பதைத் தனியாகப் பிரித்து அளக்க என் நோட்டுக்கு முடியவில்லை.

ஒரு அட்டையை மட்டும் என்னால் மறக்க முடியாது. 2017 நவம்பர் கடைசியில் ஓக்கி புயல் அடித்து நம் கடற்கரையிலிருந்து கடலுக்குப் போனவர்கள் திரும்பாத நாட்கள். அதற்கடுத்து வந்த ஒரு இதழின் அட்டையில் கடற்கரையில் கூடி நிற்கிற சனங்களின் படம். தூத்தூர் பக்கத்து அம்மா ஒருவர் கடை முன்னால் வந்து நின்றார், வாங்க வந்தவர் இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி. கிளிப்பிலிருந்து எடுக்காமலே தாளை விரலால் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, "இது எங்க ஊரு கடப்புறந்தானே?" என்று கேட்டார். நான் எடுத்துக் கொடுத்தேன். படத்தில் இருந்த ஒவ்வொரு முகத்திலும் விரலை வைத்து வைத்துப் பார்த்தார், கடைசி வரிசையில் மங்கலாகத் தெரிந்த ஒரு தலையில் விரல் நின்றது. காசு வாங்க எனக்கு மனசு வரவில்லை, அவர் விடவில்லை, சேலை முந்தானையில் முடிந்திருந்த நோட்டை எடுத்து வைத்துவிட்டு இதழை மார்போடு பிடித்துக்கொண்டு போனார். முகம் ஆளை நிறுத்தும் என்று மேலே எழுதினேனே, எந்த முகம் என்பதற்கு என்னிடம் இருக்கிற பதில் இதுதான். தன் ஊர் முகத்தைக் கண்டால் நம் ஆட்கள் நிற்பதுபோல வேறு எதற்கும் நிற்பதில்லை. சென்னையிலிருந்து வருகிற எந்த இதழாலும் அதை மாதாமாதம் செய்ய முடியாது, உங்களால் முடியும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். நாகர்கோவில், சின்ன வாசகர் வட்டத்துக்காக வருகிற இலக்கியச் சிறுபத்திரிகைகளுக்குப் பேர்போன ஊர். சதங்கை, கொல்லிப்பாவை எல்லாம் இங்கே நடந்தவை, 1988இல் எழுத்தாளர் சுந்தர ராமசாமி காலச்சுவடு தொடங்கியதும் இங்கிருந்துதான். சிறுபத்திரிகைகள் பெரும்பாலும் கயிற்றில் தொங்கி விற்றவை இல்லை, சந்தாவிலும் நண்பர்கள் கையிலும் நடந்தவை. அந்த மாதிரி இதழின் அட்டைக்கு வழிப்போக்கரை நிறுத்துகிற கட்டாயம் இல்லை. ஒரு கோட்டோவியம், பெயர், உள்ளே எழுதியவர்கள் யார் என்பது, இவ்வளவு போதும், வாசகர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார். உங்கள் வாசகசாலைக்காரர்களுக்குள் தகராறு என்றீர்களே, எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், ஒரு பாதி பேர் இந்த வகையை மனதில் வைத்துப் பேசுகிறார்கள், மறுபாதி பேர் டீக்கடையை. முதலில் இதழ் எங்கே, யார் கையில் போகப்போகிறது என்பதை முடிவு செய்யுங்கள், அட்டைச் சண்டை பாதி குறைந்துவிடும்.

அச்சு விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன், உங்களுக்கு உதவும். அட்டையை உள்பக்கங்களோடு சேர்த்து அச்சடிப்பதில்லை. தாள் வேறு, பெரும்பாலும் இயந்திரம் வேறு, பல சமயம் நாளும் வேறு, அட்டை முன்னாடியே போய்விடும். எனவே கடைசி நிமிஷத்தில் உள்ளே ஒரு கட்டுரையை மாற்றினால் அட்டையில் அதன் பெயர் நின்றுகொண்டிருக்கும். அதைத் தவிர்க்க, நிச்சயமாக வந்து சேர்ந்துவிட்ட கட்டுரையை மட்டும் அட்டையில் சொல்லுங்கள். நடுவில் பின் அடிக்கிற இதழ் என்றால் பக்கங்கள் நான்கின் மடங்காக வர வேண்டும். அட்டைக்கு 170 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) ஆர்ட் பேப்பர் தாராளம். கண்ணாடி மாதிரி மின்னுகிற லேமினேஷன் வேண்டாம், வெயிலிலும் டியூப்லைட்டிலும் எதிரொளித்துப் படமே தெரியாது, மேட் போதும். திரையில் தெரிகிற நிறம் வேறு, நாலு மையில் தாளில் இறங்குகிற நிறம் வேறு, அதிலும் தேன் நிறம் சேறு மாதிரி ஆகிவிட வாய்ப்பு அதிகம், மாதிரிப் பிரதி எடுத்துப் பார்க்காமல் ஓட விடாதீர்கள். என் ஆரம்ப காலத்தில் ஒரு சபை இதழுக்கு அட்டை செய்தபோது பெயரை மேல் விளிம்புக்கு மிக நெருக்கமாக வைத்தேன், சுற்றிலும் 3 மில்லிமீட்டர் வெட்டு இடமும் விடவில்லை. கட்டிங்கில் கத்தி அரை இழை உள்ளே வந்ததும் பெயரில் மேலே நீண்ட வளைவுகளும் புள்ளிகளும் பறந்துபோயின, 800 பிரதி. மெய்யெழுத்துக்குப் புள்ளி போனால் தமிழில் வார்த்தையே மாறிவிடும். இரவோடு இரவாக அட்டையை மறுபடி அடித்தோம், செலவு என்னுடையது. அதிலிருந்து எழுத்து எதுவானாலும் விளிம்பிலிருந்து குறைந்தது 10 மில்லிமீட்டர் உள்ளே வைக்கிறேன். ஆங்கிலத்துக்குச் சொன்ன அளவு தமிழுக்குப் போதாது, மேலே கீ, கீழே கூ என்று நம் எழுத்து இரண்டு பக்கமும் நீளும்.

பதிவு பற்றியும் ஒரு வார்த்தை. காலாண்டிதழ் என்றாலும் பெயர்ப் பதிவு உண்டு, 1867ஆம் ஆண்டுச் சட்டம் போய் 2023இல் வந்த புதுச் சட்டம்தான் இப்போது நடப்பில் இருக்கிறது. சட்டம் என் துறை இல்லை, தெரிந்த ஒருவரிடம் கேட்டுச் செய்யுங்கள். அச்சடித்தவர், வெளியிடுபவர், ஆசிரியர் பெயர்களை மட்டும் எந்த இதழிலும் விட்டுவிடாதீர்கள். பெயரை முடிவு செய்வதற்கு முன்னால் அது வேறு யாரிடமும் இல்லையா என்று பார்த்துவிட்டு எழுத்து வரையக் கொடுங்கள்.

கடைசியாக உங்கள் தேனீ இதழ். தேன் பாட்டில் படம் வேண்டாம், அதைப் பார்த்தால் விளம்பரம் என்று நினைப்பார்கள். தேனீயைப் பெரிதாக்கிய படமும் வேண்டாம், பாடப்புத்தகம் மாதிரி இருக்கும், சிலருக்குக் கூச்சம். உங்கள் ஊரில் பெட்டி வைத்திருக்கிற ஒருவர் அடையைத் தூக்கிப் பிடித்துப் பார்க்கிற நேரத்தில், மூடி போடாத முகத்தை, காலை வெயிலில் எடுங்கள். கண் அடையைப் பார்க்கட்டும், வரி அடைக்குப் பக்கத்தில் வரட்டும். பின்னணி வெளிர் நிறம். பெயர் மேலே, அதற்கடியில் ஒரே ஒரு கேள்வி, அப்புறம் வேண்டுமானால் சின்ன எழுத்தில் இரண்டு பெயர்கள். விலையும் மாதமும் ஒரு மூலையில். இப்போது பலர் உங்கள் அட்டையை முதலில் பார்க்கப்போவது கைபேசியில் தபால்தலை அளவில்தான், ஆகவே அந்த அளவுக்குச் சுருக்கியும் பார்த்துவிடுங்கள். அச்சுக்கு அனுப்பும் முன் இரண்டு விதமான அட்டையைச் சாதாரணத் தாளில் பிரிண்ட் எடுத்து, தெரிந்த கடையில் மற்ற இதழ்களுக்கு நடுவில் கிளிப்பில் தொங்கவிட்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் ஒரு மணி நேரம் நில்லுங்கள். யார் எதன் முன்னால் நிற்கிறார்கள், கை எந்த இடத்தில் போகிறது என்று பாருங்கள். காலை ஏழரைக்கும் எட்டரைக்கும் நடுவில், பள்ளிக்கும் வேலைக்கும் போகிற நேரத்தில் போனால் எல்லா வகை ஆட்களையும் பார்த்துவிடலாம். பார்த்ததை எழுதுங்கள், இரண்டு அட்டையையும் போடுங்கள், எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.